கரண்ட் போனால் கராஜ் கதவு என்ன செய்யும்... தெரியுமா?

அமெரிக்காவில் தனி வீட்டில் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். முன்வாசல் விருந்தாளிக்குத்தான். வீட்டு ஆட்கள் போவதும் வருவதும் கராஜ் வழியாக! காரில் உட்கார்ந்தபடி ரிமோட்டை அமுக்கினால், 16 அடி அகலக் கதவு கடகடவென்று மேலே ஏறிக் கூரைக்கடியில் படுத்துக்கொள்கிறது. இத்தனை பழகிப்போன அந்தக் கதவு ஒரு நாள் காலையில், பள்ளிக்கும் ஆபீஸுக்கும் கிளம்புகிற நேரம் பார்த்து, அசையாமல் நின்றால்? மோட்டாரில் சத்தம் இல்லை, விளக்கு இல்லை, ஒன்றுமே இல்லை!

உடனே "மோட்டார் போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பல நேரங்களில் கோளாறு மோட்டாருக்கு வெளியேதான் ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் போனால், அரை குதிரைத்திறன் கருவி ஒன்றுக்குள் நூறு வருட வரலாறும், ராணுவமும், காட்டுத்தீயும், ஒரு பெர்க்லி பேராசிரியரும் இருப்பது தெரியவரும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

1. கதவின் எடையைச் சுமப்பது மோட்டார் இல்லை, தெரியுமா?

இரண்டு கார் நிற்கும் கராஜின் கதவு சாதாரணமாக 16 அடி அகலம், 7 அடி உயரம். மெல்லிய இரும்புத் தகடு என்றாலே அறுபது, எழுபது கிலோ வரும். கனமான மரக்கதவு 150 கிலோவையும் தாண்டும். இதை இழுக்கும் மோட்டாரின் திறன் பெரும்பாலும் அரை குதிரைத்திறன், அதாவது வெறும் 373 வாட். நம் வீட்டில் சட்னி அரைக்கும் மிக்ஸியிலேயே 750 வாட் என்று எழுதியிருக்கிறதே!

அப்படியானால் தூக்குவது யார்? கதவுக்கு மேலே குறுக்குக் கம்பியில் கோத்திருக்கும் அந்தக் கனத்த ஸ்பிரிங். 7 அடி உயரக் கதவு என்றால் ஸ்பிரிங்கைச் சுமார் ஏழரைச் சுற்று முறுக்கி வைத்திருப்பார்கள். கதவு இறங்கும்போது ஸ்பிரிங் இறுகிச் சக்தியைச் சேமிக்கிறது. ஏறும்போது அதே சக்தியைத் திருப்பிக் கொடுக்கிறது. எடை முழுவதும் ஸ்பிரிங் தலையில். மோட்டார் செய்வது தள்ளிவிடும் வேலைதான்!

மேலே மடிந்து ஏறும் இந்தக் கதவை 1921-இல் உருவாக்கியவர் சி. ஜி. ஜான்சன் என்ற அமெரிக்கர். ஐந்தே வருடத்தில், 1926-இல், அதை மின்சாரத்தால் திறக்கும் 'ஓப்பனர்' கருவியையும் அவரே கொண்டுவந்துவிட்டார்.

2. கரண்ட் போன நொடியில் கதவு தலையில் விழாதது ஏன், தெரியுமா?

கதவு பாதி வழியில் இருக்கிறது. ஊர் முழுக்க கரண்ட் போகிறது. கதவு தொப்பென்று விழ வேண்டாமா? விழுவதில்லை. போன இடத்திலேயே நிற்கிறது!

முதல் காரணம் ஸ்பிரிங். எடையைச் சரிக்குச் சரி தாங்கிக்கொள்வதால் கீழே இழுக்கும் விசை மிகக் குறைவு. இரண்டாவது காரணம் இன்னும் அழகானது. பல மாடல்களில் மோட்டார் தண்டின் முனையில் திருகாணி போன்ற மரை வெட்டியிருக்கும். 'வார்ம் கியர்' என்பார்கள். மோட்டார் அந்த மரையைச் சுழற்றினால் பல்சக்கரம் சுற்றும். ஆனால் பல்சக்கரத்தைப் பிடித்துத் திருப்பி மரையைச் சுழற்றவே முடியாது. போக ஒரு வழி, திரும்ப வழியில்லை. அதனால் கரண்ட் இல்லாமலேயே அது பிரேக் ஆகிவிடுகிறது!

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வெளியிலிருந்து யாராவது கையால் தூக்கிப் பார்த்தாலும் கதவு எளிதில் அசையாது. கரண்ட் இல்லாத இரவிலும் கதவு பூட்டிய நிலையில்தான் இருக்கும்.

3. கராஜ் கதவு நின்றதற்குக் குற்றவாளி குளியலறையில் இருக்கலாம், தெரியுமா?

நம்ப முடியவில்லையா? அமெரிக்க வீடுகளில் தண்ணீர் படக்கூடிய இடங்களில் உள்ள பிளக் பாயிண்ட்டைக் கவனியுங்கள். நடுவில் குட்டியாக இரண்டு பட்டன் இருக்கும். ஒன்று 'டெஸ்ட்', இன்னொன்று 'ரீசெட்'. ஜிஎஃப்சிஐ என்று பெயர். கசியும் மின்சாரத்தைக் கண்டுபிடித்து நொடிப் பொழுதில் துண்டிக்கும் உயிர்காவலன்!

இதை உருவாக்கியவர் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், ஆண்டு 1961. மனித உடம்பு எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் என்று வருடக்கணக்கில் ஆராய்ந்தவர் அவர். அவர் வழியில் வந்த இந்தக் கருவி வெறும் 5 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே போதும், நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் துண்டித்துவிடும். தமிழ்நாட்டு வீடுகளில் நாம் வைக்கும் ஆர்சிசிபி பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியரில்தான் ட்ரிப் ஆகும் என்றால், இது எவ்வளவு உஷார் பேர்வழி என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

அமெரிக்காவின் தேசிய மின் விதிகள் கராஜ் பாயிண்ட்டுகளுக்கு இதை 1978-இலேயே கட்டாயமாக்கின. கூரையில் எட்டாத உயரத்தில் இருக்கும் பாயிண்ட்டுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அந்த விலக்கும் 2008 விதிகளில் போய்விட்டது. கராஜ் ஓப்பனர் சொருகியிருப்பது அந்தக் கூரைப் பாயிண்ட்டில்தானே!

சங்கதி இங்கேதான் இருக்கிறது. ஒரே ஜிஎஃப்சிஐ, அதே லைனில் அடுத்தடுத்து வரும் சாதாரண பாயிண்ட்டுகளையும் சேர்த்துக் காக்கும். அது ட்ரிப் ஆனால் அதற்கு அடுத்ததெல்லாம் செத்துவிடும். உங்கள் கராஜ் மோட்டாரின் ரீசெட் பட்டன் கராஜ் சுவரில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கலாம். பழைய வீடு என்றால் குளியலறையில், பின்கட்டில், வீட்டுக்கு வெளியே செடிக்குப் பக்கத்தில் கூட இருக்கலாம்! டிசம்பரில் தோட்டத்தில் கிறிஸ்துமஸ் சீரியல் விளக்கு போடுகிறோம். ராத்திரி மழை பெய்கிறது. விளக்கின் பிளக்கில் தண்ணீர் இறங்குகிறது. வெளிச்சுவர் ஜிஎஃப்சிஐ சத்தமில்லாமல் துண்டிக்கிறது. காலையில் கராஜ் கதவு திறக்கவில்லை! விளக்குக்கும் கதவுக்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்?

4. கோளாறைத் தேடும் வேலையைப் பாதியாகக் குறைக்க ஒரு டேபிள் லைட் போதும், தெரியுமா?

ஏணி போட்டு ஏறுங்கள். ஓப்பனரின் பிளக்கைப் பிடுங்கி, அதே பாயிண்ட்டில் டேபிள் லைட்டையோ செல்போன் சார்ஜரையோ சொருகுங்கள். எரிந்தால் கோளாறு ஓப்பனரில். எரியாவிட்டால் ஓப்பனரை மறந்துவிடுங்கள், கோளாறு வீட்டு வயரிங்கில். இரண்டு நிமிட வேலை!

எரியவில்லையா? முதலில் ரீசெட் பட்டன்களைத் தேடி அமுக்குங்கள். பிறகு பிரேக்கர் பெட்டி. இங்கேயும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ட்ரிப் ஆன பிரேக்கர் முழுதாக 'ஆஃப்' பக்கம் போகாமல் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும். பார்த்தால் 'ஆன்' மாதிரியே தெரியும். அதை அப்படியே 'ஆன்' பக்கம் தள்ளினால் நிற்காது. முதலில் 'ஆஃப்' வரை அழுத்தித் தள்ளி, பிறகு 'ஆன்' செய்ய வேண்டும். மறுபடியும் ட்ரிப் ஆனால் நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ட்ரிப் ஆகும் பிரேக்கர் பொய் சொல்லாது.

"அந்தப் பாயிண்ட்டில் கரண்ட் இல்லை, எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ஓட்டிக்கொள்ளலாம்" என்று நினைக்கவே நினைக்காதீர்கள். நிரந்தரமாக எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டக் கூடாது என்று தயாரிப்பாளர்களே கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.

5. கரண்ட் வந்து வந்து போவதற்குக் காரணம் மோட்டாரின் அதிர்வாகவே இருக்கலாம், தெரியுமா?

காலையில் வேலை செய்கிறது, மதியம் செத்துக் கிடக்கிறது, சாயங்காலம் தானாக உயிர் வருகிறது. வீட்டையே குழப்பும் கோளாறு இது!

கதவு ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் கூரையில் தொங்கும் மோட்டார் அதிரும். வருடக்கணக்கில் அதிர்ந்தால் பிளக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். பாயிண்ட்டின் உள்ளே பிடிப்பு தளரும். சர்க்யூட் போர்டில் ஈயப்பற்று முடி அளவுக்கு வெடிப்பு விடும். சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, ஒட்டும், விடும்! பிளக்கைச் சொருகியிருக்கும்போதே லேசாக அசைத்தால் மோட்டார் விளக்கு மினுக்குகிறதா? பாயிண்ட்டை மாற்றும் வேளை வந்துவிட்டது. பாயிண்ட்டோ பிளக்கோ கருகியிருந்தால் பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டு, சரிசெய்யும் வரை அதைப் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. மோட்டாருக்குள் சூட்டிலிருந்து காக்கும் காவலன் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் விளையாட்டாகக் கதவை நாலைந்து முறை ஏற்றி இறக்கினால் மோட்டார் சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். 15 நிமிடமோ அரை மணியோ ஆற விட்டால் மறுபடி ஓடும். ஆறிய பிறகு ஓடினால் உங்கள் மோட்டாருக்கு ஒன்றுமில்லை, ஓய்வுதான் கேட்டது!

6. 'ம்ம்ம்' என்று முனகும் மோட்டார் என்ன சொல்கிறது, தெரியுமா?

விளக்கு எரிகிறது, பட்டனை அமுக்கினால் முனகல் கேட்கிறது, ஆனால் கதவு அசையவில்லை. மாறுமின்னோட்டத்தில் ஓடும் பழைய மாடல்களில் இது பெரும்பாலும் கெபாசிட்டரின் கைவரிசை. நம் ஊர் சீலிங் ஃபேன் கெபாசிட்டர் போனால் ஃபேன் முனகிக்கொண்டு நிற்குமே, அதே நோய்தான்! விலை குறைந்த பொருள். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் கை வைக்கக் கூடாது.

மோட்டார் சுகமாக ஓடுகிறது, சங்கிலி மட்டும் அசையவில்லையா? மூடியைக் கழற்றிப் பாருங்கள் (முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்!). உள்ளே வெள்ளைத் தூள் கொட்டிக் கிடந்தால் விடை கிடைத்துவிட்டது. பல மாடல்களில் பல்சக்கரம் நைலானால் ஆனது. அது தேய்ந்து பல் போனதன் அடையாளம்தான் அந்தத் தூள். கியர் செட்டை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். மொத்த மோட்டாரையும் தூக்கிப்போட வேண்டியதில்லை.

7. மின்னல் வீட்டில் விழாமலேயே ஓப்பனரைக் கொல்லும், தெரியுமா?

ஃப்ளோரிடா, டெக்ஸஸ் பக்கம் இடியோடு மழை கொட்டிய மறுநாள் கராஜ் மெக்கானிக்குகளுக்குக் கை ஒழியாது! காரணம், சுவர் பட்டனுக்கும் தரையோர சென்சார்களுக்கும் மோட்டாரிலிருந்து போகும் மெல்லிய வயர்கள். கராஜைச் சுற்றி நீளமாக ஓடும் இவை ஆன்டெனா போல வேலை செய்கின்றன. பக்கத்துத் தெருவில் மின்னல் இறங்கினாலே இந்த வயர்களில் ஒரு மின்துடிப்பு பாயும். நுண்ணிய சர்க்யூட் போர்டு கருகிவிடும். பிரேக்கர் ட்ரிப் ஆகியிருக்காது, பாயிண்ட்டில் கரண்ட் இருக்கும், ஓப்பனர் மட்டும் பிணம்!

சர்ஜ் புரொடெக்டர் வாங்குவதாக இருந்தால், பிளக்கோடு சேர்த்து இந்த மெல்லிய வயர்களையும் காக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஊருக்குப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டால் இன்னும் நிம்மதி.

அந்த மெல்லிய வயரில் வேறொரு வம்பும் உண்டு. வயரைச் சுவரோடு அடித்த ஸ்டேப்பிள் பின் மேலுறையைக் கிழித்து இரண்டு கம்பியையும் ஒட்டவைத்துவிட்டால், யாரோ ஓயாமல் பட்டனை அமுக்கிக்கொண்டிருப்பதாக மோட்டார் நினைத்துக் குழம்பும். சுவர் பட்டனின் வயரை மோட்டார் பக்கம் கழற்றிவிட்டு ரிமோட்டை அமுக்குங்கள். ஓடினால் கோளாறு அந்த வயரில்தான்.

8. கரண்ட் இருந்தும் செத்தது போலக் கிடக்கும் நான்கு சந்தர்ப்பங்கள் தெரியுமா?

ஒன்று, லாக் பட்டன். சுவர்ப் பலகையில் 'லாக்' என்று ஒன்று இருக்கும். வெளியூர் போகும்போது ரிமோட்டை முடக்க வைத்த வசதி. குழந்தையோ துடைப்பக் கட்டையோ அதை அமுக்கிவிட்டால் எந்த ரிமோட்டும் வேலை செய்யாது. சுவர் பட்டன் மட்டும் வேலை செய்யும். அதுதான் துப்பு!

இரண்டு, எல்இடி பல்பு. மின்சாரத்தை மிச்சப்படுத்த ஓப்பனரில் எல்இடி பல்பு மாட்டியிருப்பீர்கள். சில மலிவு பல்புகளின் மின்சுற்று ரேடியோ இரைச்சலைக் கக்கும். பக்கத்திலேயே இருக்கும் ஆன்டெனாவுக்கு ரிமோட்டின் மெல்லிய குரல் கேட்காமல் போகும். பல்பைக் கழற்றினால் ரிமோட் பிழைத்துக்கொள்ளும்! ஓப்பனருக்கென்றே தயாரித்த எல்இடி பல்பு கடைகளில் கிடைக்கிறது.

மூன்று, சென்சார் கண்கள். கதவின் இரு பக்கமும் தரையோரம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் குட்டிப் பெட்டிகள். சிலந்தி வலை, துடைப்பம், சாய்ந்து விழும் சாயங்கால வெயில் எதுவாக இருந்தாலும் கண் மறைந்தால் கதவு இறங்காது. திறக்கும், மூடாது, விளக்கு மினுக்கும்! துணியால் துடைத்து, இரண்டு கண்ணும் நேருக்கு நேர் பார்க்கும்படி திருப்பினால் போதும்.

நான்கு, பனி. மினசோட்டா போன்ற குளிர் மாநிலங்களில் கதவின் அடி ரப்பர் தரையில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். மோட்டார் ஒரு முறை முக்கிவிட்டு நின்றுவிடும். திரும்பத் திரும்பப் பட்டனை அமுக்கினால் ரப்பர் கிழியும், கியர் தேயும். முதலில் பனியை உடைத்து விடுங்கள்.

9. ஒரு ராணுவ வானொலி ஊர் முழுக்கக் கராஜ் ரிமோட்டுகளை ஊமையாக்கியது, தெரியுமா?

2004-இல் ஃப்ளோரிடாவில் எக்லின் விமானப்படைத் தளத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் திடீரென்று கராஜ் ரிமோட்டுகள் வேலை செய்யவில்லை! கரண்ட் இருக்கிறது, பேட்டரி புதிது, ஆனாலும் கதவு திறக்கவில்லை. தளத்தில் புதிய வானொலித் தொடர்பு முறையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ராணுவத்துக்கு ஒதுக்கிய அலைவரிசை 380 முதல் 399.9 மெகாஹெர்ட்ஸ். பல லட்சம் கராஜ் ரிமோட்டுகள் பேசிக்கொண்டிருந்ததோ 390 மெகாஹெர்ட்ஸில்!

யார் விட்டுக்கொடுக்க வேண்டும்? சட்டம் தெளிவாக இருந்தது. அலைவரிசையின் சொந்தக்காரர் ராணுவம். உரிமமில்லாமல் இயங்கும் கராஜ் ரிமோட் எந்த இடையூறையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிறகு மற்ற ராணுவ முகாம்களின் அக்கம்பக்கத்திலும் இதே கதை நடந்தது. தயாரிப்பாளர்கள் 315 மெகாஹெர்ட்ஸுக்கு மாறினார்கள். ஒரே ரிமோட் பல அலைவரிசைகளில் பேசும் மாடல்களும் வந்தன. ராணுவத் தளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் ஓப்பனர் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

10. 'டமார்' என்று கேட்டால் மோட்டாரைத் தொடக் கூடாது, தெரியுமா?

சாதாரண ஸ்பிரிங்கின் ஆயுள் 10,000 முறை. ஒரு முறை என்பது ஒரு தடவை திறந்து மூடுவது. ஒரு நாளைக்கு நாலு முறை என்று கணக்குப் போடுங்கள்: வருடத்துக்கு 1,460. ஏழு வருடம் நிறைவதற்குள் ஆயுள் முடிந்துவிடும்!

அறுந்து போகும்போது வெடிச் சத்தம் போலக் கேட்கும். அதன் பிறகு பட்டனை அமுக்கினால் கதவு கொஞ்சம் எழும்பி அப்படியே நின்றுவிடும். "மோட்டாருக்குக் கரண்ட் போதவில்லை" என்று பலர் நினைப்பது இந்த நேரத்தில்தான். தலையைத் தூக்கி ஸ்பிரிங்கைப் பாருங்கள். சுருளின் நடுவே இரண்டு விரல் இடைவெளி தெரிந்தால் அறுந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டில் இருக்கும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏறாதீர்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் கையை உடைக்கும், உயிரையும் எடுக்கும். இந்த ஒரு வேலையைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிட வேண்டும்.

11. அந்தச் சிவப்புக் கயிற்றுக்கு என்ன வேலை, தெரியுமா?

மோட்டார் கதவை இழுக்கும் தண்டவாளத்திலிருந்து சிவப்புக் கைப்பிடியோடு ஒரு கயிறு தொங்குகிறதே, பார்த்திருப்பீர்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் உங்கள் வாசலைத் திறக்கும் சாவி அதுதான்! இழுத்தால் கதவு மோட்டாரிலிருந்து விடுபடும். பிறகு கையால் தூக்கலாம்.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் ஒரே நாளில் சுமார் 5 கோடிப் பேருக்கு கரண்ட் போனது. அப்படிப்பட்ட நாளில் ரிமோட்டுக்கு என்ன மதிப்பு? கயிறுதான் கதி!

எப்படிச் செய்வது? கதவு மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கயிற்றை இழுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். கதவின் நடுவில் நின்று இரண்டு கையாலும் தூக்குங்கள். ஸ்பிரிங் நன்றாக இருந்தால் ஆச்சரியப்பட்டுப் போவீர்கள்: எழுபது கிலோ கதவு சில கிலோ போல எழும்பி வரும்! இடுப்பளவு உயரத்தில் கையை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் ஆரோக்கியம். சறுக்கிக் கீழே வந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, மோட்டார் இத்தனை நாளும் தன் சக்திக்கு மீறி இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. கதவு திறந்திருக்கும்போது கயிற்றை இழுக்காதீர்கள். ஸ்பிரிங் அறுந்திருந்தால் மொத்தக் கதவும் தலைக்கு மேலிருந்து பாய்ந்து இறங்கும்.

கராஜ் வீட்டிலிருந்து தனியாக நிற்கிறதா? வேறு கதவே இல்லையா? கரண்ட் போனால் கயிறு உள்ளே, நீங்கள் வெளியே! இதற்கென்றே கதவின் மேற்பகுதியில் பொருத்தும் சிறு பூட்டு விற்கிறது. வெளியிலிருந்து சாவி போட்டுத் திருகி இழுத்தால், அதோடு இணைந்த கம்பி உள்ளே இருக்கும் கயிற்றை இழுத்துவிடும். இருட்டில் மழையில் நிற்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

12. ஒரு காட்டுத்தீ கராஜ் மோட்டாருக்குச் சட்டம் கொண்டுவந்தது, தெரியுமா?

2017 அக்டோபர் 8 இரவு. வடக்கு கலிஃபோர்னியாவில் காற்றின் வேகத்தில் காட்டுத்தீ ஊருக்குள் பாய்ந்தது. சான்டா ரோசா நகரின் ஒரு பகுதியைத் தின்ற டப்ஸ் தீயில் மட்டும் 22 பேர் இறந்தார்கள். கரண்ட் இல்லை. கார் உள்ளே. கதவு திறக்கவில்லை. வயதானவர்கள் இருட்டில் கதவோடு போராடினார்கள். சில மரணங்கள் அந்தத் திறக்காத கதவுகளோடு தொடர்புபடுத்தப்பட்டன.

அடுத்த வருடமே கலிஃபோர்னியா சட்டம் இயற்றியது. 2019 ஜூலை 1 முதல் அந்த மாநில வீடுகளில் பொருத்தும் புது ஓப்பனர் எல்லாவற்றிலும் கரண்ட் போனாலும் இயங்கும் பேட்டரி கட்டாயம். மீறினால் கருவி ஒன்றுக்கு ஆயிரம் டாலர் அபராதம்! சிவப்புக் கயிற்றை இழுத்து எழுபது கிலோவோடு மல்லுக்கட்டத் தெம்பில்லாதவர்களுக்காக வந்த சட்டம் இது.

அந்தப் பேட்டரியும் சாகும். பெரும்பாலும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரி. பல மாடல்களுக்கு ஒன்றிரண்டு வருடம்தான் ஆயுள். கராஜிலிருந்து 'பீப், பீப்' என்று சத்தம் வந்தால் எலியோ புகை எச்சரிக்கைக் கருவியோ என்று தேடி அலையாதீர்கள். பல மாடல்களில் இரண்டு நொடிக்கொரு பீப் என்றால் "கரண்ட் இல்லை, பேட்டரியில் ஓடுகிறேன்" என்று அர்த்தம். அரை நிமிடத்துக்கு ஒரு பீப் என்றால் "தீரப்போகிறேன்" அல்லது "என்னை மாற்று"!

13. தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் என்ற கணக்கு எதற்கு, தெரியுமா?

சென்சார் கண்களை 15 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்திப் பொருத்தக் கூடாது. தவழும் குழந்தையும் கண்ணில் பட வேண்டுமே! இறங்கும் கதவுக்கடியில் குழந்தைகள் சிக்கி இறந்த பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் 1990-இல் சட்டம் இயற்றியது. 1993 ஜனவரி 1 முதல் தயாரான வீட்டு ஓப்பனர்களில் இத்தகைய பாதுகாப்பு கட்டாயமானது.

கோளாறு பார்க்கும் அவசரத்தில் சென்சார் இரண்டையும் கழற்றி மேலே ஒட்டவைத்து மோட்டாரை ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மாதம் ஒருமுறை, நாலு சென்டிமீட்டர் கனமுள்ள மரக்கட்டையைக் கதவுக்கு நேர்கீழே படுக்கவைத்து, கதவை இறக்கிப் பாருங்கள். கட்டையைத் தொட்ட இரண்டு நொடிக்குள் கதவு திரும்பி ஏற வேண்டும். ஏறாவிட்டால் அந்த ஓப்பனரைச் சரிசெய்யும் வரை கையால்தான் திறக்க வேண்டும்.

14. கரண்ட் போன கராஜில் கதவை விடப் பெரிய எதிரி யார், தெரியுமா?

கார்பன் மோனாக்சைடு! நிறமில்லை, வாசனையில்லை. கதவு திறக்காத கராஜில் "சூடாகட்டும்", "செல்போன் சார்ஜ் ஏறட்டும்" என்று காரை ஸ்டார்ட் செய்து உட்காருவதும், ஜெனரேட்டரைக் கராஜுக்குள் வைத்து ஓட்டுவதும் உயிருக்கு உலை. அமெரிக்காவில் தீ விபத்தோடு தொடர்பில்லாத கார்பன் மோனாக்சைடு விபத்துகளில் மட்டும் வருடத்துக்கு 400 பேருக்கு மேல் இறக்கிறார்கள். கதவைப் பாதி திறந்து வைத்தாலும் ஆபத்து போகாது. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, வெட்டவெளியில்தான் இருக்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு வேண்டுகோள்

மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் ஆறு மாத விசாவில் போயிருக்கும் அப்பா அம்மாக்கள் டல்லஸிலும் நியூ ஜெர்சியிலும் பகல் முழுவதும் தனியாக இருக்கிறார்கள். அவர்களுக்கு ரிமோட்டைக் கற்றுக்கொடுத்தவர்கள் எத்தனை பேர் சிவப்புக் கயிற்றைக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்? நம் ஊரில் அப்பார்ட்மென்ட் ஸ்லைடிங் கேட்டுக்கு மோட்டார் போட்டிருப்பவர்களுக்கும் இதே கேள்விதான். மோட்டாரை விடுவிக்கும் சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறதா, அதை எப்படித் திருகுவது என்று அவருக்குத் தெரியுமா?

இந்த ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில், கராஜ் கதவை மூடிவைத்துவிட்டு, வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிடுங்கள். ரீசெட் பட்டன் எங்கே என்று காட்டுங்கள். பிரேக்கர் பெட்டியில் கராஜுக்கு உரியதன் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். பெரியவர்கள் ஒவ்வொருவரையும் ஒருமுறை சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்க முடியாதவர் வீட்டில் இருந்தால், அடுத்து வாங்கும் ஓப்பனர் பேட்டரியோடு கூடியதாக இருக்கட்டும். அரை மணி நேர வேலை. இந்த வாரமே செய்துவிடுங்கள்!